தட்டினால் விட வேண்டும்

முதலில் என் மேல் கை வைத்தவன் ராயப்பன். இதை யார் கேட்டாலும், எங்கே வந்து கேட்டாலும் சொல்வேன். அவனுக்குப் பிறகு சிரித்தவர்கள் நிறையப் பேர். மீன்காரி பொற்கொடி சிரித்தாள், எதிர்க் கத்தரிக்காய்க் கடைக்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான், என் மருமகன் ஓசூரிலிருந்து போனில் சிரித்தான். அவர்களை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள். முதல் ஆள் ராயப்பன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், என் வயதுதான் இருக்கும், மூக்கின் மேல் கண்ணாடி எப்போதும் சரிந்தே கிடக்கும். மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலக்கரை மீன் மார்க்கெட்டில், பொற்கொடியின் தட்டில் கடைசியாகக் கிடந்த உயிர் விராலுக்கு நான் கையை நீட்டினேன். அவனும் நீட்டினான். என் விரல் வாலில் பட்டுவிட்டது. யார் விரல் முதலில் படுகிறதோ அவருக்குத்தான் மீன், இது அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட வழக்கம், இதற்காகக் கோர்ட்டுக்கா போக முடியும். "விடுய்யா, நான் அப்பவே சொல்லி வச்ச மீனு" என்று தோளால் ஓர் இடி இடித்தான். நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்திருந்தால்கூட இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்க மாட்டேன். அயிரை மீன் அண்டாவில் உட்கார்ந்தேன். உயிர் அயிரை. வேட்டிக்குள் இங்கும் அங்கும் ஓடியது. "ஐயோ என் அயிரை, என் அயிரை" என்று பொற்கொடி அடித்துக்கொண்டாளே ஒழிய, ஒரு மனுஷன் விழுந்தானே என்று ஒரு வார்த்தை இல்லை. ராயப்பன் விராலைப் பையில் போட்டுக்கொண்டு, "நான் எங்க தள்ளுனேன், அவரா போயி உக்காந்தாரு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான். தப்புதான் என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. இப்போது வைகாசி, இன்னும் வரவில்லை.

அதற்காகத்தான் இந்தப் பயிற்சிக்கூடத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறேனா என்றால், ஆமாம், அதற்காகவும்தான். இந்த இடம் முன்னால் அரிசிக் கிடங்காக இருந்தது, இன்னும் மூலையில் தவிட்டு வாசனை போகவில்லை, அதோடு இப்போது வியர்வை வாசனையும் சேர்ந்து, மழையில் நனைந்த சாக்கு மாதிரி ஒரு நெடி. எனக்குப் பிடிக்காமல் இல்லை. உடம்புக்கும் நல்லது, தற்காப்புக்கும் நல்லது, எந்த வயதினரும் வரலாம், இன்று ஒருநாள் இலவசம், மூன்று சண்டைக் கலையில் எது பிடிக்கிறதோ அதில் சேரலாம் என்று பால் பூத் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், ஐந்தாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் தற்காப்பு என்ற வார்த்தை மட்டும் ஒரே மூச்சில் முழுசாகக் கண்ணில் விழுந்தது. பவுனுவிடம் சொன்னேன். பவுனு என்றால் என் வீட்டுக்காரி, பவுனம்மாள். அவள் இட்லித் தட்டைக் கவிழ்த்தபடியே கேட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த ராயப்பன் உங்கள ஒரு தடவ இடிச்சான். நீங்க அத தெனம் தெனம் என் காதுல இடிச்சுக்கிட்டே இருக்கீங்க. போயிட்டு வாங்க, அங்க யாரு காதாவது கெடைக்கும்." கிளம்பும்போது மீன் பையை என் கையில் திணித்தாள். வேண்டாம் என்றேன். "இருக்கட்டும், காலியாவே கொண்டு வாங்க, யாரு கேட்டா" என்றாள். மாசியிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முட்டைக் குழம்பு. அவள் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் முட்டையை உரிக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவாள் பாருங்கள், அது என் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கும். பையை நான்காக மடித்து இடுப்பில் சொருகி வைத்திருக்கிறேன். அது அங்கே உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இடி பெரிய இடி இல்லை. இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை, பவுனுவிடம் சொல்லவில்லை, மருமகனிடம் சொல்லவே இல்லை. முதலில் சொன்னபோது மாடு முட்டியது மாதிரி என்று சொன்னேன், பிறகு லாரி மோதியது மாதிரி என்று ஆகிவிட்டது, ஆனால் தோளுக்குத் தெரியும், அது பஸ்ஸில் இறங்குகிறவன் இடிக்கிற இடிதான். நான் கேஸ் சிலிண்டர் சுமந்தவன். பாலக்கரையிலும் வரகனேரியிலும் என் தோள் ஏறாத மாடி கிடையாது. நிறைந்த சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு, வாயில் பில்லைக் கவ்விக்கொண்டு, குறுகலான படியில் எதிரே நாய் வந்தாலும் ஒதுங்கி நின்று வழிவிட்டவன். ஒன்றுகூட என் கையிலிருந்து நழுவியதில்லை, கேட்டுப் பார்க்கலாம். அப்படிப்பட்டவன் அன்றைக்குக் கால் எங்கே என்று தேடினேன். கால் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அந்த ஒரு நொடி, அண்டாவில் விழுவதற்கு முன்னால் காற்றில் இருந்த ஒரு நொடி, எனக்கு நல்லதம்பியின் முகம் தெரிந்தது. எதற்கு இப்போது நல்லதம்பி. ராயப்பனைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லதம்பி என்னோடு சிலிண்டர் தூக்கியவன், என்னைவிடப் பலசாலி, மகன் கட்டிய புது வீட்டில் வழவழ டைல்ஸ் போட்ட குளியலறையில் வழுக்கினான், இடுப்பு எலும்பு. பார்க்கப் போனபோது கட்டிலில் கிடந்தபடி, "சோப்பு நுரைடா மருது, வெறும் சோப்பு நுரை" என்றான், சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு எழுந்திருக்கவில்லை. இப்போதெல்லாம் குளிக்கும்போது நான் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். ஒருநாள் குளிக்கப் போனபோது எங்கள் குளியலறையில் சொரசொரப்பான ரப்பர் மிதியடி கிடந்தது. பவுனு போட்டிருக்கிறாள். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போதும், ராயப்பன், ராயப்பனை நினை, அவன் மூக்குக் கண்ணாடியை நினை, அப்போதுதான் உடம்பில் கொஞ்சம் சூடு வருகிறது.

பாக்சிங் முதல் மூலையில். மாஸ்டருக்கு மூக்கு சப்பையாகக் கன்னத்தோடு படிந்திருக்கிறது, நல்ல மனுஷன், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும்தான் சிரிக்க வருகிறது. எனக்கும் உறை மாட்டிவிட்டு, மேலிருந்து தொங்குகிற மூட்டையைக் காட்டி, "அடிங்க பெரியவரே, யாரையாவது நெனச்சுக்கங்க, தானா வரும்" என்றார். நினைக்கச் சொல்ல வேண்டுமா. கண்ணாடியோடு சேர்த்து நினைத்துக்கொண்டு ஒன்று விட்டேன். மூட்டை அசையவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு மின்சாரம் ஓடி, கண்ணில் வந்து நின்றது. "சூப்பர்" என்றார். என்ன சூப்பர். பிறகு சொன்னார், "அடிக்கிறது ரெண்டாவது விஷயம் பெரியவரே. மொதல்ல அடி வாங்கப் பழகணும். வாங்க வாங்கத்தான் பயம் போகும்." அவர் மூக்கைப் பார்த்தேன். பயம் போனதோடு எல்லாம் போயிருக்கிறது. எனக்குக் கீழ்வரிசையில் கட்டுப்பல், மகள் கட்டிக் கொடுத்தது, இன்னும் சரியாக ஒட்டவில்லை, முறுக்கு தின்றாலே தனியாக ஆடுகிறது. அது போகட்டும். மார்க்கெட்டில் சண்டை வருகிறது என்று வைத்துக்கொள்வோம், இடது கையில் மீன் பை இருக்கும். பையை யாரிடம் கொடுப்பது. பொற்கொடியிடம் கொடுத்தால் திரும்பி வரும்போது உள்ளே தலை மட்டும்தான் இருக்கும். இரண்டு கைக்கும் வேலை இருக்கிற சண்டை மீன் வாங்குகிறவனுக்குச் சரிப்படாது. உறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்காம அடிக்கிறதுதான் பாக்சிங்" என்றார் பாதிச் சிரிப்போடு.

கராத்தே நடு மூலை, நடுவில் மூலை ஏது, நடு இடம். எல்லோரும் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று ஒரே சமயத்தில் கத்துகிறார்கள். கத்தல் எனக்குப் பிடித்திருந்தது. நானும் கத்தினேன், தொண்டை திறந்துகொண்டது, மாசியிலிருந்து உள்ளே கிடந்தது ஏதோ வெளியே போன மாதிரி இருந்தது, கட்டுப்பல்லும் கொஞ்சம் வெளியே போனது, பிடித்து உள்ளே தள்ளிக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். காலைத் தூக்கச் சொன்னார்கள். இடுப்பு உயரத்துக்கு. மூன்றாவது மாடிக்குச் சிலிண்டர் ஏற்றிய முட்டி என்னைக் கேட்டது, உனக்கு இது தேவையா என்று. இன்னொன்றும் இருக்கிறது. மீன் மார்க்கெட் தரை எப்படி இருக்கும் என்று இந்த மாஸ்டருக்குத் தெரியுமா. செதிலும் ஐஸ் தண்ணீரும் ஓடுகிற தரை அது, இரண்டு காலில் நிற்பதே பெரிய பாடு, அங்கே ஒற்றைக் காலில் நின்று ராயப்பனை உதைக்கப் போனால் நானே மறுபடி அயிரையில்தான் போய் உட்காருவேன். அயிரைக்கும் ஒரு பொறுமை உண்டு. சிலம்பமும் யோசித்துப் பார்த்தேன், அது இங்கே இல்லை, பொன்மலைப்பட்டியில் சொல்லிக் கொடுக்கிறார்கள், நல்ல கலை, ஆனால் கம்பை எடுத்துக்கொண்டு விரால் வாங்கப் போகிறவனை ஊரில் என்னவென்று சொல்வார்கள். இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் முட்டைக் குழம்புதான் மிஞ்சும். பெஞ்சுக்கே திரும்பி வந்து தண்ணீர் குடித்தேன். பை இடுப்பில் உறுத்தியது.

மூன்றாவது மூலையில் பச்சை மெத்தை விரித்திருக்கிறார்கள். ஜூடோவாம். சொல்லிக் கொடுப்பது ஒரு பெண், ஹசீனா மேடம் என்று கூப்பிடுகிறார்கள், என் மகளைவிடச் சின்னவள், தலையில் கறுப்புத் துணி இறுகச் சுற்றி, சாக்குத் துணி மாதிரி தடித்த வெள்ளைச் சட்டை, குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கூவுகிற குரல். நேராக என்னிடம் வந்தாள். "என்னய்யா, அங்க ரெண்டு எடமும் பாத்துட்டீங்க, பிடிக்கலையா? எதுக்கு வந்தீங்க?" உடம்புக்கு என்றேன். "உடம்புக்குன்னா வாக்கிங் போயிருப்பீங்க. யாரு ஆளு?" யாரும் இல்லை என்றேன். "இங்க வர்ற எல்லாருக்கும் யாரும் இல்லதான்" என்றாள். "சரி வாங்க. இங்க மொதல்ல விழறதுக்குத்தான் கத்துக் குடுப்போம். மாசக்கணக்கா விழறதுதான் வேலை." எனக்குச் சுருக்கென்றது. "விழறதுக்கு எதுக்கு மேடம் கத்துக்கணும், அதுதான் தானா வருதே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "தானா வர்றதுதான்யா எலும்ப ஒடைக்குது" என்றாள். சோப்பு நுரைடா மருது. வெறும் சோப்பு நுரை. நான் பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மெத்தையில் ஏறினேன். அவளே எனக்கு ஒரு தடித்த சட்டையைப் போட்டு இடுப்பில் வெள்ளைப் பட்டையைக் கட்டிவிட்டாள், கட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று, "உங்க எடைக்கு ஆள் வேணுமே" என்று வாசலைப் பார்த்தாள். இங்கே எடைக்கு எடைதான் ஜோடியாம், வயதுக்கு வயதும். இருபது வயதுப் பயல்கள்தான் மெத்தை முழுக்க. எனக்கு ஆளே இல்லை என்று தெரிந்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு ஏமாற்றமாக இருந்தது, இரண்டும் ஒரே மூச்சில்.

வாசலில் லோடு ஆட்டோ சத்தம். அந்தச் சைலன்சர் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். வருகிறான். கண்ணாடி சரிந்திருக்கிறது. கையில் ஒரு துண்டு. தெருவில் இத்தனை கதவு இருக்க இந்தக் கதவுக்குள்தான் வருகிறான். என்னைப் பார்த்துவிட்டான். "யோவ் சிலிண்டர், நீ எங்கய்யா இங்க?" என்கிறான், ஏதோ நேற்று ஒன்றாகச் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தவன் மாதிரி. நான் பேசவில்லை, வாயில் பல் இல்லாமல் கோபமாகப் பேச முடியாது, வார்த்தை காற்றாகப் போகும். மேடத்திடம் சொல்கிறான், "சுகர் இருக்கும்மா, எம்பொண்ணுதான் எதாச்சும் செய்யிப்பான்னு சொல்லிச்சு." மேடம் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பேரைக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரையும் எடை மிஷினில் ஏற்றினாள். நான் வேண்டிக்கொண்டேன், அவன் கனமாக இருக்க வேண்டும், என்னைவிட நல்ல கனமாக இருக்க வேண்டும், கனத்த மனுஷன் இடித்தால் யார் வேண்டுமானாலும் விழலாம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. முள் நின்றது. அவன் என்னைவிடக் கொஞ்சம் குறைவு. கொஞ்சம்தான், ஒரு நல்ல விரால் அளவு. அந்த விராலைச் சாப்பிட்ட பிறகும் குறைவு. இது எனக்குப் புது அடி. இத்தனை நாள் எதற்குக் கோபப்பட்டேனோ அதற்கு மேல் இன்னொன்று சேர்ந்துகொண்டது. "அருமையான ஜோடி" என்கிறாள் மேடம். "மருதமுத்து ஐயாவும் ராயப்பன் ஐயாவும் ஒண்ணு. இனிமே ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தருக்குக் கிளாஸ் இல்ல, பாத்துக்கங்க." இறங்கிப் போய்விடலாமா. போனால் இவன் ஊரெல்லாம் என்ன சொல்வான், சிலிண்டர் என்னைப் பார்த்து ஓடிவிட்டான் என்று சொல்வான். நின்றேன். ராயப்பன் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, மெத்தையில் உட்காரக் குனிந்தான். குனிவதற்கு முன்னால் அவன் இடது கை பக்கத்தில் தடவியது. சுவரைத் தேடுகிறான். அங்கே சுவர் இல்லை. நான் பார்த்துவிட்டேன். அந்தத் தடவல் எனக்குத் தெரியும், தினம் காலையில் குளியலறையில் என் கை செய்கிற வேலை அது. அவனுக்கும் ஏதோ சோப்பு நுரை இருக்கிறது. இருக்கட்டும். அது வேறு, இது வேறு.

தாடையை நெஞ்சோடு ஒட்ட வேண்டும், முதுகை வளைக்க வேண்டும், விழுகிற நொடியில் இரண்டு கையாலும் மெத்தையை ஓங்கி அடிக்க வேண்டும், தலை மட்டும் தரையைத் தொடவே கூடாது. மேடம் விழுந்து காட்டினாள், சத்தம் பட்டாசு மாதிரி, அடுத்த நொடி எழுந்து நிற்கிறாள். நாங்கள் உட்கார்ந்த நிலையிலிருந்து விழுந்து பழகினோம், பிறகு குந்திய நிலையிலிருந்து. கை அடிக்கிற சத்தத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. தரையை அடிக்கலாம் என்று இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லையே. விழுகிறபோதே திருப்பி அடித்துவிடுவது, எனக்கு ஏற்ற வேலை. பிறகு மேடம், "இப்ப ஜோடியா. ஒருத்தர் குந்தணும், இன்னொருத்தர் நெஞ்சுல கைய வச்சுத் தள்ளணும். ராயப்பன் ஐயா, நீங்க மொதல்ல தள்ளுங்க" என்றாள். மெத்தை முழுக்க எனக்கு மீன் வாடை அடித்தது. நான் குந்தியிருக்கிறேன். அவன் முன்னால் நிற்கிறான், கண்ணாடி இல்லாமல் முகம் உரித்த முட்டை மாதிரி இருக்கிறது. கையை நீட்டுகிறான், நிறுத்துகிறான். "தள்ளுங்கய்யா, என்ன யோசனை" என்கிறாள் மேடம். "இல்லம்மா, இந்த ஆளு கோவிச்சுக்குவாரு." நான் பல் இல்லாத வாயால், "தள்ளுய்யா, உனக்குத்தான் பழக்கமாச்சே" என்றேன். "அன்னைக்கு மெதுவாத்தான்யா தள்ளுனேன்" என்றான். கேட்டீர்களா. தள்ளினேன் என்றான். நான் எங்கே தள்ளினேன் என்று ஊருக்கே கேட்கச் சொன்ன அதே வாய். மேடத்தைப் பார்த்தேன், கேட்டுக்கொண்டீர்களா மேடம் என்று கண்ணாலேயே கேட்டேன், அவள் வேறு யாரோ பயலின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவன் கை நெஞ்சில் பட்டது. கால் போனது. காற்றில் அந்த நொடி வந்தது, நான் பயந்த நொடி, நல்லதம்பி வருவான் என்று காத்திருந்தேன். அதற்குள் தாடை நெஞ்சில் ஒட்டிக்கொண்டது, கை இரண்டும் மெத்தையில் விழுந்தன, படார் என்று ஒரு சத்தம். அப்படியே கிடந்து கிடங்கின் தகரக் கூரையைப் பார்த்தேன். எங்கேயும் வலி இல்லை. ஈரம் இல்லை. வேட்டிக்குள் ஒன்றும் ஓடவில்லை. "நல்லா விழுந்தீங்கய்யா" என்றாள் மேடம். என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. எழுந்து, இன்னொரு தடவை தள்ளு என்று அவனிடம் நானே சொன்னேன்.

கடைசியாக, மல்லாந்தவன் மேல் குறுக்கே படுத்து, கழுத்துக்குக் கீழே ஒரு கையும் தோள்பக்கத்தில் ஒரு கையும் போட்டு அமுக்கிப் பிடிப்பது எப்படி என்று காட்டினாள். பிடி என்று சொன்னதும் எனக்குள் பழைய ஆள் விழித்துக்கொண்டான். பிடிப்பது என் தொழில். ராயப்பன் மல்லாந்து கிடந்தான், நான் குறுக்கே விழுந்து பிடித்தேன், சிலிண்டரின் கழுத்தைப் பிடிக்கிற பிடி. அவன் நெளிந்தான், காலை உதைத்தான், நான் இன்னும் இறுக்கினேன். அவன் தலையில் தேங்காய் எண்ணெய் வாடை. நெஞ்சு என் விலாவில் அடித்துக்கொள்வது தெரிகிறது, வேக வேகமாக, கோழி மாதிரி. அப்போது என் முதுகில் தட்டினான். இரண்டு தட்டு. எனக்கு ஆத்திரம் வந்தது. சமாதானத்துக்குத் தட்டுகிறான். கல்யாண வீட்டில் பழைய பகையாளியைப் பார்த்தால் முதுகில் தட்டி, சரிசரி விடப்பா, சாப்பிட்டியா என்பார்களே, அந்தத் தட்டு. மாசியில் இடித்துவிட்டு வைகாசியில் முதுகில் தட்டினால் முடிந்துபோகுமா. வாயைத் திறந்து சொல்லு என்று இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். அவன் மறுபடி தட்டினான், படபடவென்று, பிறகு மெத்தையிலும் தட்டினான். "ஐயா, விடுங்க! தட்டிட்டார்ல, விடுங்க!" மேடம் ஓடிவந்து என் பட்டையைப் பிடித்து இழுத்தாள். "தட்டுனா விட்டுறணும்யா, அதான் இங்க மொத சட்டம். தட்டுறதுன்னா தோத்துட்டேன், விட்டுருன்னு அர்த்தம்." நான் உடனே கையை எடுத்துவிட்டேன். ராயப்பன் எழுந்து உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டே, "எம்மா, இவரு பிடிக்கல, பூட்டு போட்டாரு" என்றான், இருமல் பாதி சிரிப்பு பாதி. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டேன் என்று தட்டினானா. எத்தனை தட்டு தட்டினான். எல்லாம் எனக்குத்தான். மாசியிலிருந்து இந்த முதுகு எதற்காகக் காத்திருந்ததோ அதை அவன் கையாலேயே வாங்கிக்கொண்டது, ஆனால் வாங்குகிற நேரத்தில் அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. திரும்பத் தட்டச் சொல்லவும் முடியாது. அதோடு, யோசித்துப் பார்த்தால், தோற்றேன் என்பது வேறு, தப்புதான் என்பது வேறு. தள்ளினேன் என்று வாயால் சொன்னதும் வேறு. எல்லாம் பக்கத்துப் பக்கத்து வீடுதான், கதவு வேறு வேறு.

முடிக்கும்போது ஜோடிகள் நேருக்கு நேர் நின்று குனிந்து வணக்கம் வைக்க வேண்டுமாம். நான் குனிந்தேன், அவன் குனிந்தான். நன்றாகவே குனிந்தான், முதுகு வளைந்து, வழுக்கைத் தலை முழுசாக என் எதிரே. இதையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் ஆசை வந்தது. கூடாது. இது எல்லோரும் வைக்கிற வணக்கம், பக்கத்தில் இருபது வயதுப் பயலும் வைக்கிறான். நிமிர்ந்ததும் ராயப்பன் ஒரு எட்டு முன்னால் வந்து, குரலைத் தாழ்த்தி, "யோவ் மருது" என்றான். சிலிண்டர் இல்லை, மருது. சொல்லிவிடுவானோ. இங்கேயே, இந்த மெத்தையிலேயே, ஒற்றை வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டுப் போய்விடுவானோ. சொல்லிவிட்டால் நாளைக் காலையில் கண் விழித்ததும் எதை நினைப்பது. அவன் வாயைத் திறந்தான். "பட்டை அவுந்து தொங்குது பாரு, காலு தடுக்கும். கட்டிக்க" என்றான். நான் பட்டையைக் கட்டிக்கொண்டேன், நன்றாக இறுக்கி, இரண்டு முடிச்சு. மேடம் கேட்டாள், "என்னய்யா முடிவு? பாக்சிங்கா, கராத்தேயா?" பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு, இதுவே இருக்கட்டும் என்றேன். "விழறது பிடிச்சுதா?" என்றாள். "விழறதும் பிடிச்சுது. இந்த ஆளு எனக்கு ஒண்ணு பாக்கி வச்சிருக்காரு, அதுக்கும் வரணும்" என்றேன். "என்ன பாக்கி? விராலா?" என்றான் ராயப்பன், கண்ணாடியைத் துண்டில் துடைத்தபடி. "விரால் இல்ல." "பெறவு?" நான் சொல்லவில்லை. கேட்டு வாங்கினால் அது எப்படி அவன் கொடுத்ததாகும்.

வெளியே வெயில் ஏறிவிட்டது. அவன் ஆட்டோவைத் திருப்பி என் பக்கத்தில் நிறுத்தினான். "மார்க்கெட்டுக்குத்தான் போறேன். ஏறு. இன்னைக்கு விரால் கெடந்தா நீ தொட்டுக்க, நான் கைய நீட்டல." இதைச் சொன்னதால் அதைச் சொன்னதாகிவிடாது, எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் பை இடுப்பில் இருக்கிறது, பவுனு மீன் குழம்புக்கு அரைத்து வைத்தாலும் வைத்திருப்பாள், அவளை நம்ப முடியாது. முன்னால் அவன் பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம் ஒதுக்கினான். அங்கே ஏறவில்லை. பின்னால் சரக்கு ஏற்றுகிற இடத்தில் ஏறி, காலி மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டேன். கம்பியைப் பிடிக்கவில்லை, பிடிக்காமல் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. காற்று அடித்தது. சின்னப் பையன் மாதிரி இருந்தது, வெட்கமாகக்கூட இருந்தது. பொற்கொடி என்ன சொல்வாள், அண்டாவைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொள்வாளா, வைத்துக்கொள்ளட்டும், நான் எப்படி விழுவேன் என்று அவளுக்கு இப்போது காட்ட முடியும், ஆனால் காட்ட மாட்டேன். பாலக்கரை ரவுண்டானாவுக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையில் ராயப்பன் பிரேக்கே போடாமல் ஏற்றினான். வேண்டுமென்றுதான். ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் பெட்டியோடு மேலே போய் இறங்கினேன். தாடை தானாக நெஞ்சில் ஒட்டிக்கொண்டது, கை தகரத்தில் படார் என்று அடித்தது, தலை எங்கேயும் படவில்லை. நன்றாக விழுந்தேன், பார்க்கத்தான் மேடம் இல்லை. இதற்கும் சேர்த்து அவன் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.